சுண்ணக்கட்டி

வூச் நகரம். சனவரி. லிஃப்ட் ஓடவில்லை.
மூன்று ராசாக்கள் திருநாளில் மந்திரித்த சுண்ணக்கட்டி
என் சட்டைப் பையில்.
தீர்த்தச் செம்பு வித்தோல்டின் கையில்;
எனக்கு அதில்தான் பொறாமை.
பின்னால் அருள்தந்தை இரெனேயுஷ்
மாடிக்கு ஒரு தடவை நின்று
திட்டுவதைப்போல் செபம் சொல்லிக்கொண்டு ஏறினார்.

வீட்டுக்கு வீடு ஒரே வாடை:
ஊசியிலை உதிரும் மரம், நேற்றைய முட்டைக்கோஸ்.
மேசைவிரிப்பின் ஓரத்தில்
கிறிஸ்துமஸ் இரவின் வைக்கோல் ஒன்றிரண்டு,
அதற்குப் பக்கத்தில் உறையில் போட்ட பணம்.
நான் நாற்காலியில் ஏறி நிலைக்கு மேலே எழுதுவேன்:
வருடத்தில் பாதி,
மூன்று ராசாக்களின் முதலெழுத்து,
வருடத்தில் மீதி.
அவர்கள் வருடத்தைப் பிளந்துகொண்டு
நடுவே நடப்பதுபோல் இருக்கும்.

ஆறாம் மாடி. பதினெட்டாம் எண்.
"தட்டாதே, அது திறக்காது" என்றான் வித்தோல்ட்.
திறந்தது.

கெனொவேஃபா, ஆலை மூடும்வரை
தறிகளின் இரைச்சலில் இருந்தவள்.
இப்போதும் கத்தித்தான் பேசினாள்.
"எழுத வேண்டாம்.
தண்ணீர் தெளிக்கவும் வேண்டாம், உள்ளே துணி கிடக்கிறது.
ஆனால் சாமி, உங்கள் அங்கியைப் பாருங்கள்."

படிக்கட்டுக் கம்பியில் மாட்டிக் கிழிந்து
விளிம்பு ஒரு சாண் தொங்கியது.
ஐந்து மாடியாக யாரும் சொல்லவில்லை.
எல்லோரும் அவர் முன் தலைகுனிந்து நின்றவர்கள்தான்.

அவரை முக்காலிமேல் ஏற்றினாள்.
வாயில் நான்கு குண்டூசி.
என்னை நோக்கிக் கையை நீட்டினாள்.
எனக்கு விளங்கவில்லை; வித்தோல்ட் முழங்கையால் இடித்தான்.
கொடுத்தேன்.
கறுப்புத் துணியில் ஒரு கோடு இழுத்தாள்,
எந்த நிலையிலும் நான் எழுதியிராத அளவுக்கு
நேராக.
"நல்ல கட்டி" என்றாள் ஊசிகளுக்கு இடையில்.

அவர் தொண்டையைக் கனைத்தார்.
"பூசைக்கு வந்து எவ்வளவு நாள்..."
"அசையாதீர்கள்."

அசையவில்லை.
சீருடைக்கு அளவு கொடுக்கும் பையனாய்,
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்,
அவள் நூலைப் பல்லால் கடித்து அறுக்கும்வரை நின்றார்.

வெளியே வந்தோம்.
நிலை வெறுமையாகவே இருந்தது.
பங்கின் பேரேட்டைக் குறிப்பதும் என் வேலை.
பதினெட்டுக்கு நேரே இரண்டே கட்டம்:
ஏற்றார்கள். ஏற்கவில்லை.
"எதில் சாமி?"

கீழே குனிந்து பார்த்தார்.
தையலுக்கு மேலே வெள்ளைக்கோடு
இன்னும் அழியாமல் கிடந்தது.
"பென்சிலைக் கொடு" என்றார்.
வாங்கித் தன் காதில் செருகிக்கொண்டு
ஏழாம் மாடிக்கு ஏறினார்.