இருநூற்று ஐம்பத்தாறு கட்டம்

பழைய கணினியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.
நாலு திருகாணி, ஒரு அலுமினியப் பெட்டி.
இருபத்து மூன்று வருடத்தில்
என்னிடம் அது எதையும் சொன்னதில்லை.
மழைக்காலை ஆறு மணிக்கு எவ்வளவு எண்ணெய் தருவது,
ஏர்கோன் போட்டால் எப்படித் தடுமாறாமல் நிற்பது,
எல்லாம் அதற்கே தெரியும்.
வற்புறுத்தினால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும்.

புதியது கிள்ளானிலிருந்து கூரியரில் வந்தது.
நாலாயிரத்து முந்நூறு வெள்ளி
கொடுத்து வாங்கிய அறியாமை.
எத்தனை சிலிண்டர் என்றது.
நாலு என்றேன்.
எந்த வரிசையில் வெடிக்கும்?
ஒன்று, மூன்று, நாலு, இரண்டு.
பள்ளியில்கூட இவ்வளவு பொறுமையாக
நான் பதில் சொன்னதில்லை.

பகலில் செம்பனை ஆலையில்
கொதிகலன் அழுத்தமானிகளோடு என் பிழைப்பு.
இரவில் வீட்டுக் கொட்டகையில்
சத்ரியாவின் வயிற்றிலிருந்து அறுபது கம்பி.
பச்சையில் வெள்ளைக் கோடு என்று நான் எடுத்ததை
லோகா கைபேசி வெளிச்சத்தில் பார்த்து
"இது நீலம்" என்றாள்.
கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள்,
ஊசித் துளைக்குச் சம்பளம் வாங்கும் கண்.

முதல் சாவி.
சுற்றியது, இருமியது, பின்னால் ஒருமுறை சுட்டது.
எதிர்வீட்டு ஹாஜி சன்னலைத் திறந்து
ஒன்றும் சொல்லாமல் மூடினார்.
மடிக்கணினியில் பார்த்தால்
தண்ணீரின் சூடு மைனஸ் நாற்பது.
பீடோங்கில்.
செருகியைக் கடைசிவரை தள்ளாதவன் நான்;
அது நம்பிவிட்டது.
பனிக்கு அஞ்சி எண்ணெயைக் கொட்டி
நாலு பிளக்கையும் நனைத்து வைத்திருந்தது.

பிறகு மூன்று வாரம்.
குறுக்கே வேகம், நெடுக்கே அழுத்தம்,
பதினாறுக்குப் பதினாறு கட்டம்.
ஒவ்வொன்றுக்குள்ளும் காரோடு போய்,
ஓரமாக நிறுத்தி, எண்ணைத் திருத்தி,
மறுபடியும் போய்.
ஐயாயிரத்து ஐந்நூறு வரை போனேன்.
அதற்கு மேல் இருந்ததெல்லாம்
பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து எழுதிய ஊகம்.
துணிவில்லை என்று சொல்லவில்லை,
ரோடு ஈரம் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை மைவியின் கியர்பெட்டி போனது.
இரவு ஷிப்டுக்குச் சுங்கைப்பட்டாணி வரை
லோகா இதை எடுத்தாள்.
"நாலாயிரத்தைத் தாண்டாதே."
காலையில் சாவியைத் தந்து,
"மெதுவாத்தான்லா ஓட்டினேன்" என்றாள்,
தூங்கப் போனாள்.

புதிய பெட்டி எல்லாவற்றையும் எழுதி வைக்கும்.
யார், எங்கே, ஏன் என்பது மட்டும் தெரியாது.
முப்பத்தொரு நிமிடம்
பெடல் பன்னிரண்டு விழுக்காடு.
கோடு நேராக, அடக்கமாக,
பதிவேட்டில் அவள் கையெழுத்துப் போல.
விடிகாலை ஐந்து நாற்பத்தெட்டுக்கு
பெடல் நூறு.
ஆறாயிரத்துத் தொள்ளாயிரம்.
நான்கு விநாடி.
பிறகு மறுபடியும் பன்னிரண்டு,
வீட்டு வாசல் வரை.

குலை ஏற்றிய லாரி ஒன்றை முந்தியிருக்கலாம்.
மேற்பார்வையாளர் ஏதாவது சொல்லியிருக்கலாம்.
ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.
நான் எட்டிப் பார்க்காத கடைசி வரிசையில்
அவள் ஏறி, நின்று, இறங்கி வந்திருக்கிறாள்.

அங்கே கலவை பன்னிரண்டு புள்ளி ஆறு.
பதினொன்றரை இருந்திருக்க வேண்டும்.
இன்னும் சில விநாடி போயிருந்தால்
பிஸ்டன் உருகியிருக்கும்.
கை கொஞ்சம் நடுங்கியது.
அந்தக் கட்டங்களைத் தேர்ந்து
ஒன்பது விழுக்காடு எண்ணெய் கூட்டினேன்.
சேமித்தேன்.
அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

மதியம் பட்டறையிலிருந்து ஆ கியோங் கூப்பிட்டான்,
மைவி நாளைக்கே தயார் என்று.
அவசரமில்லை என்றேன்,
இன்னும் ஒரு வாரம் அங்கேயே இருக்கட்டும்.