பதிலி

மங்காஃப் நாலாம் பிளாக். கட்டடத்தின் சிர்தாப்.
வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி.
ஏசியை நிறுத்தச் சொல்கிறார் சகாயராஜ்.
அது ஓடினால் வசனம் கேட்காது,
ஓடாவிட்டால் ஒட்டுமீசை நிற்காது.
ஆகஸ்டில் மீசையை விட்டுக்கொடுத்தோம்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன்.
இரண்டு மாடிக்கு நடுவே சிக்கியவர்களிடம்
மூன்று மொழியில் பயப்படாதீர்கள் என்று சொல்லத் தெரியும்.
நாடகத்தில் எனக்குப் பன்னிரண்டு வருடம் ஜெயில்.
மூன்றாம் காட்சியில் வீடு திரும்புகிறேன்.
வாசல் என்பது தரையில் ஒட்டிய மஞ்சள் டேப்.
மனைவி பார்க்கிறாள். சாப்பிட்டீங்களா என்கிறாள்.
நான் உடைந்து அழ வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

மனைவி ஜெனோவா. அரசு ஆஸ்பத்திரி நர்ஸ்,
மாதத்தில் பாதி வெள்ளி டூட்டி.
அவள் வராத நாளில் அவள் வசனத்தைப் படிக்க
சும்மா வேடிக்கை பார்க்க வந்த தாவூதைப் பிடித்துப் போட்டார்கள்.
அதிராம்பட்டினத்துக்காரர். தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறார்.
போனைக் கண்ணருகே பிடித்து
விரலால் தள்ளித் தள்ளி
எழுதியிருப்பதையெல்லாம் படித்தார்,
ஒன்றுவிடாமல்:

"மனைவி தூணைப் பிடித்தபடி விம்மி சாப்பிட்டீங்களா."

"அண்ணே, அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறதப் படிக்கக் கூடாது."
"அப்ப எதுக்கு எழுதியிருக்கு?"
நியாயம்தான்.

ஜெனோவா வந்த வெள்ளிகளில் எல்லாம் சரியாக இருந்தது.
தூணுக்குப் பதில் நின்ற ஏணியைப் பிடித்தாள்.
உதடு நடுங்கியது, குரல் சரியான இடத்தில் முறிந்தது.
எனக்குத்தான் ஒன்றும் வரவில்லை.
அத்தனை அழகாக ஒருத்தி அழும்போது
குறுக்கே நாம் எதற்கு என்றிருந்தது.

"ஊரை நினைச்சுக்குங்க" என்றார் சகாயராஜ்.
நினைத்தேன்.
சொசைட்டியில் பாக்கியிருக்கும் நகைக்கடன் வந்தது.
சிக்னலில் வண்டிக்குள் அழுது பார்த்தேன்.
பக்கத்து வண்டி எகிப்துக்காரர் கண்ணாடியை இறக்கி
டிஷ்யூ பெட்டியை நீட்டினார்.
பச்சை விழுந்துவிட்டது.

ஐந்தாவது வெள்ளி ஜெனோவாவுக்கு டூட்டி.
தாவூது வேலையிலிருந்து நேரே வந்திருந்தார்,
சட்டைத் தோளில் காய்ந்த உப்புக்கோட்டோடு.
நான் மஞ்சள் டேப்பைத் தாண்டினேன்.
அவர் போனைவிட்டு நிமிரவில்லை.
கொட்டாவியை விழுங்கிக்கொண்டு
சாப்பிட்டீங்களா என்றார்.
கேள்விக்குறிகூட இல்லை.

இங்கே ஒன்பது, அங்கே பதினொன்றரை.
மாவுப் பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் தள்ளிக்கொண்டே
தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கி
அவள் கேட்பது இப்படித்தான்.
ம் என்பேன்.
தட்டு காலியாக இருக்கும்போதும் ம்.
ஏழு வருடம்.

முழங்கால் மடங்கியது. ஒத்திகையில் அது கிடையாது.
என்ன சத்தம் போட்டேனோ,
மேலிருந்து ஹாரிஸ் படியிறங்கி ஓடிவந்து
யாருக்கு என்ன ஆச்சு என்று அரபியில் கத்தினார்.
"நான் தப்பாப் படிச்சிட்டனா?" என்றார் தாவூது.
சகாயராஜ் ஒன்றும் சொல்லாமல் போய்
ஏசியைப் போட்டார்.

சால்மியா பள்ளிக்கூட அரங்கு. நானூறு நாற்காலி.
தெர்மாகோல் தூணை
உடைந்துவிடாமல் பிடித்தாள் ஜெனோவா.
அவள் முகத்தைப் பார்த்துத்தான் நின்றேன், சத்தியமாக.
இடது ஓரத்தில், திரைக்கயிறும் கையுமாக, தாவூது.
அவர் உதடுகள்
அவளுக்கு ஒரு கணம் முன்னால் அசைந்தன.

நன்றாக இருந்ததாகச் சொல்கிறார்கள்.
வீடியோவில் பார்த்தால்
மனைவி இங்கே விம்மிக்கொண்டிருக்க
ஒருவன் திரைக்கயிற்றைப் பார்த்துச் சொல்கிறான்:
இல்ல, இன்னும் சாப்பிடல.

அப்படியொரு வசனம் பிரதியில் இல்லை.