அரை மில்லி

முசஃபா. இரவு இரண்டு பத்து.
குழாய்க்குள் ஆர்கான் நிறைகிறது.
காற்று பட்டால் கெட்டுப்போகும் வேலை;
மின்விசிறியை நானே அணைத்தேன்.
ஹெல்பர் ஜெபஸ்டின் ஒன்றும் சொல்லவில்லை.
முதல் மாதம் முணுமுணுத்தவன்தான்.

கண்ணாடி இறங்கியதும்
உலகம் ஓர் உளுந்தளவு.
உருகி, பளபளத்து,
என் கை போகும் பக்கம் வரும் உளுந்து.
கால் சுற்றுக்கு ஒரு மூச்சு, அதற்கு மேல் கிடையாது.
மூன்றாவது காலில்
இருமல் வந்தது.
விழுங்கினேன்.
நெஞ்சு மட்டும் ஒருமுறை குலுங்கிற்று.

விடிவதற்குள் எக்ஸ்ரே படம்.
விளக்குப் பெட்டியில் செருகி
மூக்கு ஒட்டப் பார்த்தார் ரெஜி சார்.
"இங்கே ஒரு புள்ளி இருக்கு.
அரை மில்லி. பரவால்ல, பாஸ்."
எனக்குத் தெரியும்
அது எந்தப் புள்ளி என்று.

W-47, சரி, என்று எழுதினார்.
என் பெயர் எங்கும் இல்லை.
நாளை மறுநாள் லாரி ஏறி
நடுக்கடல் மேடைக்குப் போய்விடும் குழாய்,
இருபத்தைந்து வருஷத்துக்கு
என் இருமலை
வெளியே விடாமல்.

கேம்ப் பஸ்ஸில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.
கண்ணில் இன்னும் பச்சை வட்டம்.
சன்னலைத் திறந்து
ஆசை தீர இருமினேன்.
டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு
ரேடியோவைக் கொஞ்சம் கூட்டினான்.