புளிப்பு

*பின்லாந்து, 1918*

வண்டியில் ஏற்றியவை:
தையல் எந்திரம், அரை மூட்டை உருளைக்கிழங்கு,
காலில் குண்டு பாய்ந்த தம்பி தாவெத்தி,
மாவு பிசையும் மரத்தொட்டி.

தொட்டியை நாங்கள் கழுவுவதில்லை.
பலகை இடுக்குகளில் காய்ந்து கிடக்கும் பழைய மாவு.
வெந்நீர் விட்டு, ரை மாவு போட்டு, ஓர் இரவு பொறுத்தால்
தானே பொங்கி வரும்,
கூப்பிட்ட குரலுக்கு வருகிற மாடு மாதிரி.

கிழக்கே, ருஷ்யா வரை என்றார்கள்.
யார் சொன்னது என்று கேட்டால்
முன்னால் போகும் வண்டியைக் கை காட்டினார்கள்.
அண்ணன் தம்பி அடித்துக்கொண்ட வீட்டுக்குள்
ஊரான் பீரங்கியோடு நுழைந்திருந்தான்.
கப்பலில் வந்திறங்கிய ஜெர்மன் படை
எங்களை முந்திப் போய்விட்டது; அது அப்போது தெரியாது.

உருகும் பனி. சக்கரத்தில் பாதிவரை சேறு.
கால்சட்டை போட்ட நெசவாலைப் பெண்கள்
துப்பாக்கியோடு நடந்தார்கள்.
பின்னால் ஒரு கணக்கர், சுவர்க்கடிகாரத்தைக் கட்டிப்பிடித்தபடி.
அவர் குழியில் இடறும்போதெல்லாம் அது மணியடித்தது.
எவர் சிப்பாய், எவர் சிப்பாயின் மனைவி?
சேறு எல்லோருக்கும் ஒரே சீருடை தைத்திருந்தது.

லாஹ்திக்கு அருகே சாலை முடிந்தது.
எவளோ தன் உள்பாவாடையைக் கிழித்துக் கம்பில் கட்டினாள்.

திறந்த வயல். தலைகள், தலைகள்.
இரண்டாம் நாள் ஒரு ஜெர்மன் பையன் தொட்டியைப் பார்த்தான்.
கறுத்த ஓரத்தை விரலால் தொட்டு முகம் சுளித்தான்.
ஐயோ பாவம் என்று நினைத்திருப்பான்.
ஏரிக்கரைக்குத் தூக்கிப்போய்
மணல் போட்டு, சாம்பல் போட்டு, தேய்த்துத் தேய்த்து
வெள்ளைவெளேரென்று கொண்டுவந்து வைத்தான்.
அம்மாவுக்கு ஒத்தாசை செய்து பழகிய கை.
ஏதோ சொல்லிச் சிரித்தான்.
நன்றி என்றேன்.
வாய் அப்படிப் பழகியிருக்கிறது.

பட்டியல் வாசித்தவர்கள் ஜெர்மானியர் அல்லர்.
எங்கள் மொழி, எங்கள் பக்கத்து இழுவை.
தம்பியின் பெயரில் ஓர் எழுத்தும் பிசகவில்லை.
நொண்டிக்கொண்டே போனான்.
"கிழங்கை அவித்து வை" என்றான்.
கிழங்கு தீர்ந்தது அவனுக்கும் தெரியும்.

அன்றிரவு இரும்புப் பட்டைக்கு அடியில்
நகத்தை விட்டுத் துழாவினேன்.
ஒரு செதில் இருந்தது.
ஊர் போய்ச் சேரும்வரை காப்பாற்றினால் போதும்,
அதிலிருந்து ஒரு தெருவுக்கே ரொட்டி சுடலாம்.
கைக்குட்டையில் முடிந்து வைத்தேன்.

நான்காம் நாள் தின்றுவிட்டேன்.
புளித்தது.