ஏட்டுச் சுரைக்காய்

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு யமிலா
குறிப்புக் கோப்பைத் திறக்கிறாள்.
மொண்டேவிடியோ. ஆறாவது மாடி.
சன்னலுக்கு வெளியே
கடலென்று சத்தியம் செய்யத் தோன்றும் ஓர் ஆறு,
பால் குறைந்த தேநீர் நிறத்தில்.

நானூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள்.
போன வெள்ளி முந்நூற்றெண்பது.
கூடியதெல்லாம் ஏஜெண்டுகள் எழுதியவை,
ஒன்றுக்கொன்று, இரவோடிரவாக, மிகுந்த பணிவோடு.

"சோதனை தோற்றால் மீண்டும் ஓட்டவும்.
இரண்டாம் முறை தேறும்."

தேறும்தான்.
ஏன் என்று எதுவும் கேட்கவில்லை.
ஒன்று எழுதியதை ஒன்பது படித்தன,
ஒன்பதும் அதைத் தம் அனுபவம் என்று நம்பின.
அழிக்கிறாள்.

"அக்டோபரில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளு."
இந்த நாடு அந்தப் பழக்கத்தை
இரண்டாயிரத்துப் பதினைந்திலேயே விட்டுவிட்டது.
குறிப்பு விடவில்லை.
அழிக்கிறாள்.

அடுத்தது அவளே எழுதியது,
மார்ச்சில், நள்ளிரவில், பல்லைக் கடித்துக்கொண்டு:
"எடைச்சீட்டின் தேதியை ஒருபோதும் நம்பாதே."

கோபம் மறுநாளே ஆறிவிட்டது.
சொல் ஆறவில்லை.
பதினோரு இடங்களில் நிரல்
நல்ல தேதிகளையும் வாசலில் நிறுத்திச் சோதிக்கிறது.
"ஒருபோதும்" என்பதை எடுத்துவிட்டு
"மூன்றாம் வாசல் அச்சுப்பொறியிலிருந்து வந்தால்" என்று போடுகிறாள்.
நீளம்தான். இருக்கட்டும்.

ஒவ்வொரு வேலைக்கும் புதிதாய்க் கண் திறப்பவை இவை.
நேற்று கிடையாது.
பக்கத்து மேசையில் ஒரு புருவம் உயர்ந்தால் தெரியாது.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்போம்;
இவற்றுக்கோ ஏட்டை விட்டால் வேறு கொடி இல்லை.
நறுக்கு என்றால்
எழுத்தையே நறுக்கி உலையில் போடும்.

யமிலாவின் கையில் இருப்பது நிஜச் சுரைக்காய்:
காயவைத்து, குடைந்து, மாத்தே இலை நிரப்பி
வெந்நீர் ஊற்றியது. உறிஞ்சுகிறாள். கசக்கிறது.

இருநூற்றேழு.
"ஞாயிறு அதிகாலை இரண்டு முதல் மூன்று வரை
பல்மிரா அட்டவணையைத் தொடாதே."
காரணம் எழுதவில்லை.
எட்டு ஏஜெண்டுகள் ஓரத்தில் குறித்திருக்கின்றன: தேவையற்றது.
எழுதிய கொன்ராடோ வேலை மாறி அசுன்சியோன் போய்விட்டான்.
கேட்டால் பதில் வருகிறது:
மறந்துபோச்சு. ஆனா தொடாதே.

அழிக்கும் பொத்தான் மேல் விரல்.
பிறகு, என்ன தோன்றியதோ,
நுவேவா பல்மிரா துறைமுகத்துக்குப் போன் போடுகிறாள்.
எடைமேடையில் வில்மார். பின்னால் லாரிகள் உறுமுகின்றன.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு
மேடையைப் பூஜ்யத்துக்குத் திருப்பிச் சரிபார்ப்போம்.
அந்த ஒரு மணி நேரம் வர்ற சோயா வண்டிக்கெல்லாம்
பழைய தராசுல நான்தான் எடை பாத்து ஏத்துவேன்.
எட்டு வருஷமா."

யாரும் மேலே எழுதிவிட மாட்டார்கள் என்று
உங்களுக்கு எப்படித் தெரியும்?

"கொன்ராடோ பாத்துக்கறேன்னு சொன்னான்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
ஒரு லாரி கடந்து போனது.

எழுதுகிறாள்:
ஞாயிறு இரண்டு முதல் மூன்று வரை
வில்மார் கையால் எடை ஏற்றுகிறார்.
மேலே எழுதினால் அவர் எழுதியது அழியும்.
சந்தேகமிருந்தால் கூப்பிடு.

எதைக் கொண்டு கூப்பிடும்?
கடைசி வரியை அடிக்கிறாள்.
சந்தேகமிருந்தால் நில். ஒரு மனிதரிடம் கேள்.
கீழே எண், தேதி, தன் பெயர்.
ஏப்ரலில் வில்மாரிடம் மீண்டும் விசாரிக்கவும்.

மாத்தே ஆறிவிட்டது.
முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
மீதி அடுத்த வெள்ளி.

ஞாயிறு, இரண்டு மணி பத்து நிமிடம்.
யாரும் பார்க்காத பதிவேட்டில் ஒரு வரி:
நிற்கிறேன். வில்மார் எழுதுகிறார்.

அங்கே அவர்
ஆற்றுப் பனியில் ஊறிய தாளில் மை பிடிக்காமல்
பேனாவை உதறிக்கொண்டிருந்தார்.