ஐந்தாவது பெட்டி

ஓக் வேரடியில் முதல் பெட்டி.
ஓடைக்கு இப்பால், பாசிக்கல்லின் கீழ் இன்னொன்று.
லவ்டே அடி எண்ணுவாள், நான் எழுதுவேன்:
வேலிப்படியிலிருந்து வடக்கே நாற்பத்திரண்டு எட்டு.
அவளுக்கு நெடுங்கால். தேடி வருகிறவர்கள் பாவம்.

ரப்பரில் நான் செதுக்கிய நீர்நாய்
மை தொட்டதும் பன்றிக்குட்டி ஆகிவிட்டது.
இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

ஐந்தாவதற்குக் குறிப்பே எழுதவில்லை.
சண்டை. எதற்கென்று நினைவில்லை.
டார்ட்மூர் மழை வேறு.
ஆளுக்கொரு சரிவில் இறங்கிப் போனோம்.

ஏப்ரலில் தனியாக வந்து திறக்கிறேன்.
யாருக்கும் தெரியாத பெட்டியின் நோட்டில்
வெள்ளிக் கோடு இழுத்து
ஓரமெல்லாம் தின்றிருக்கிறது நத்தை.
தின்னாத இடத்தில் பன்றிக்குட்டி முத்திரை,
அவள் கையெழுத்தில் தேதி:
நேற்றையது.

மூடியை
இந்தத் தடவையும் சரியாக அழுத்தவில்லை.