நாற்பத்தொரு டிகிரி

ஆறு மாத வாடகையைத் தள்ளிவிடுகிறேன் என்றது கோவை.
பெங்களூர் எதுவும் தருவதாயில்லை;
என் பெயர் போதாதா என்றது.
ஐதராபாத்திலிருந்து ஒருவர்
இரவு பத்தரைக்கு அழைத்து
மேசை, நாற்காலி, காப்பி இயந்திரம்,
வாரமொரு முதலீட்டாளரோடு இட்லி என
அடுக்கிக்கொண்டே போனார்.
உமையாள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பிட்டாள்.

காரைக்குடியும் போட்டிக்கு வந்தது.
மாநகராட்சித் தீர்மானம் எண் நூற்று நான்கு:
பழைய பேருந்து நிலைய மாடியில் புத்தாக்க மையம்.
ரிப்பன் வெட்டினார்கள்.
கத்தரிக்கோல் எங்களுடையது.
திரும்பி வரவில்லை.

எங்கள் மொட்டைமாடியில்
நாற்பது ஸ்கூட்டர் பேட்டரிகள் வெயிலில் கிடக்கின்றன.
எது என்றைக்கு வீங்கும் என்று
முன்கூட்டிச் சொல்வது எங்கள் தொழில்.
சித்திரையில் நாற்பத்தொரு டிகிரி.
அதே சூட்டை ஒரு பெட்டிக்குள் உண்டாக்க
கோவையில் பதினெட்டு லட்சம் கேட்டார்கள்.
இங்கே சூரியன் ரசீதுகூடக் கொடுப்பதில்லை.

பார்சல் காகிதத்தின் பின்பக்கம்
ஐந்தொகை போட்டாள்:
வரவில் வெயில், வெயில் மட்டும்.
பற்றில் மின்வெட்டு,
கூப்பிட்டால் வராத பொறியாளர்கள்,
வாடிக்கையாளர் இருக்கும் தூரம்.
இரண்டு பக்கமும் நேர்படவில்லை.
மறுபடி கூட்டினாள்.
அப்படியும் இல்லை.

கடைசியில் பெயர்ப்பலகை பெங்களூரில்,
பேட்டரிகள் இங்கே,
காவலுக்கு நானும் ஒரு குடையும்.
"கொண்டுவிக்கப் போறேன்" என்று சிரித்தபடி
பஸ் ஏறினாள்.
அன்று மாலையே பதினேழாம் எண் வீங்கியது,
நாங்கள் கணித்ததற்கு இரண்டு நாள் முன்பாக.
படமெடுத்து அனுப்பினேன்.

சேலம் தாண்டியபின் பதில்:
"நல்லது. ஏன்னு பாரு.
கையால தொட்டுறாதே."